கூரையும் விடைத்தாளும்: பெற்றோரின் அறியும் உரிமை பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் எத்தனை பள்ளிகள் தோன்றின, எத்தனை பேர் தேறினர் என்று கணக்கிட்டுக் காட்டுவது வழக்கம். அக்கணக்குகள் வேண்டியவையே. ஆயினும் அவற்றுள் இடம்பெறாத கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பத்திற்கு அப்பள்ளியைப் பற்றி என்ன சொல்லப்பட்டது? பிள்ளையின் தலைக்குமேல் உள்ள கூரை உறுதியானதா, பிள்ளை எழுதிய தேர்வு எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்னும் இரு செய்திகளும் வீட்டுக்கு வந்து சேர்ந்தனவா? நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இக்கேள்வியை ஆராய்வது பொருத்தமாகும். ஏனெனில் கல்விக்கூடத்தின் வாயிலில் நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்பட்ட மக்களுக்கு, உள்ளே நுழைவது பாதி உரிமையே. உள்ளே நடப்பதை அறிவது மறுபாதியாகும்.

நுழைவுரிமையின் காலம்

சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளி எந்த இடத்தில் அமைந்துள்ளது என்பதே நம் பிள்ளைகளின் விதியைத் தீர்மானித்தது. அக்கிரகாரத்திலும் கோயிலை அடுத்த இடங்களிலும் அமைந்த பள்ளிகளுக்கு அவர்கள் செல்ல இயலவில்லை. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளியும், பின்னர்த் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளும் அக்குறையை ஓரளவு நீக்கின. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தலாம் என்று 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் ரெட்டைமலை சீனிவாசன் ஆவார். தொழிலாளர் துறையின் பள்ளிகளே பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக வளர்ந்தன.

அந்தக் காலத்தில் நம் முன்னோர் கேட்டது இடம். கிடைத்த இடத்தின் சுவர் எத்தகையது என்று கேட்கும் நிலை அவர்களுக்கு வாய்க்கவில்லை. கீற்றுக் கொட்டகையாயினும் பள்ளி என்று ஒன்று கிடைத்ததே பெரும்பேறாகக் கருதப்பட்டது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கம், அறியும் உரிமையை நாம் பிந்திக் கேட்டதற்கு ஒரு காரணமாகும்.

பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். 1958இல் தொடங்கிய அவ்வியக்கத்தில், பள்ளிக்கு என்னென்ன தேவை என்பது ஊராருக்குப் பட்டியலிட்டுச் சொல்லப்பட்டது. ஊரார் கட்டடமும் பலகையும் மணியும் தந்தனர். பள்ளியின் குறை பொதுமக்கள் முன்னிலையில் பேசப்பட்டால் அது தீரும் வழியும் பிறக்கும் என்பதற்கு அம்மாநாடுகள் சான்றாகும்.

குடந்தை கற்பித்த பாடம்

2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணம் காசிராமன் தெருவில் உள்ள ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் நேர்ந்த தீ விபத்தைத் தமிழகம் மறவாது. சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. மாடிப்படி குறுகலானது. 94 குழந்தைகள் மாண்டனர்.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அக்கூரை மறைவானதன்று, தெருவில் போவோர் எல்லாரும் கண்டதே. ஆனால் அது விதிக்குப் புறம்பானது, அதைத் தடுக்கும் கடமை இன்ன அலுவலருக்கு உண்டு, சான்று இல்லாத கட்டடத்தில் பள்ளி நடத்தலாகாது என்பவற்றைப் பெற்றோருக்குச் சொன்னவர் யார்? கண்ணால் காண்பது வேறு, அறிந்திருப்பது வேறு. நீதியரசர் சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2014 ஜூலை 30 அன்று தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. தீர்ப்பு வரப் பத்தாண்டுகள் ஆயின. அங்கே மாண்ட பிள்ளைகள் பலர் வாழ்ந்த ஆண்டுகளைவிட அது நீண்ட காலம்.

குடந்தைத் துயரை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாம் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்று அத்தீர்ப்பு கூறியது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்னும் வேறுபாடின்றித் தீயணைப்புக் கருவிகளும், ஆசிரியர்க்குப் பயிற்சியும், பொறியாளரின் ஆய்வும் சான்றும் வேண்டும் என்று ஆணையிட்டது. நம் மாநிலத்தில் தனியார் பள்ளிகள் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்னும் நான்கையும் பெற்றிருக்க வேண்டும். இந்நான்கின் பெயர்களையேனும் பெற்றோர் மனத்தில் இருத்துவது நலம்.

கேளாத செவிகள்

அறிந்தவர் இருந்தும், அவர் சொல்லைக் கேட்கும் செவி இல்லாமையால் நேர்ந்த துன்பங்களும் உள. வேல்சு நாட்டில் அபர்வான் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில், 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளியின்மேல் விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியோரும் மாண்டனர். பள்ளியருகே வெள்ளம் பெருகுவது குறித்து முந்தைய ஆண்டே தாய்மார் விண்ணப்பம் எழுதியிருந்தனர். அதற்கும் முன்னரே ஊராட்சிப் பொறியாளர் கடிதம் வழியே எச்சரித்திருந்தார். எழுத்துகள் கோப்பில் கிடந்தன. மேடு வளர்ந்துகொண்டே சென்றது.

நம் நாட்டிலும் இதை ஒத்த நிகழ்ச்சிகள் நின்றபாடில்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி சாப்டர் மேல்நிலைப்பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டுப் பழுதானவை இடிக்கப்பட்டன. 2025 ஜூலை 25 அன்று இராசத்தான் மாநிலம் ஜலாவர் மாவட்டம் பிப்லோடியில் அரசுப் பள்ளியின் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள் மாண்டனர். கூரையிலிருந்து கற்கள் உதிர்வதைப் பிள்ளைகள் முன்னரே சொன்னதாகச் செய்திகள் வெளிவந்தன. ஏழைப் பிள்ளையின் சொல்லும் ஏழைத் தாயின் சொல்லும் மதிப்புப் பெறாதவரை, ஆய்வு என்பது இறப்புக்குப் பின்னரே வரும்.

தேர்வு யாருக்காக?

இனித் தேர்வைப் பற்றிக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், பிள்ளைகளின் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை இருந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியோர் தொகைக்கேற்பப் பணம் வரும். அம்முறையில் தேர்வு என்பது அரசுக்கும் பள்ளிக்கும் இடையிலான கணக்கு. குடும்பத்திற்கு அதில் பங்கில்லை. தேறமாட்டான் எனக் கருதப்பட்ட பிள்ளை பள்ளிக்குச் சுமையாகத் தோன்றுவது அதன் இயல்பான விளைவு. 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. அதன்பின் சான்றிதழ் என்னும் ஒரு தாள் வீட்டுக்கு வந்தது. எண்களைத் தாங்கிவந்த அத்தாள், அவ்வெண்கள் பிறந்த விதத்தைக் கூறவில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இக்குறையை வெளிச்சமாக்கின. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் அரசாணை வந்தது; 2020 பிப்ரவரி 4 அன்று அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் எத்தனையோ குடும்பங்கள் கலங்கின. பின்னர்க் கொரோனா பரவவே, 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு நீக்கப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொண்டு மதிப்பெண் கணிக்கப்பட்டது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50, பதினொன்றில் 20, பன்னிரண்டில் 30 விழுக்காடு என்று வகுத்தனர். நெருக்கடியில் வேறு வழி அரிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அரையாண்டுத் தேர்வு நாளில் கரும்பு வெட்டப் போன பெற்றோருக்குத் துணையாகச் சென்ற பிள்ளை, அந்த நாளே தன் எதிர்காலத்தை எழுதப்போகிறது என்று எவ்வாறு அறியும்? இயல்பான ஆண்டுகளிலேயே உள்தேர்வுகளின் பயனைக் குடும்பத்திற்கு எடுத்துரைத்து வந்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும்.

இத்துறையிலும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று நமக்குத் துணையாக உண்டு. தேர்வு எழுதியவர், திருத்தப்பட்ட தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெறலாம் என்று 2011 ஆகஸ்டு 9 அன்று அது தீர்ப்பளித்தது. பொதுத்தேர்வு முடிவு வெளியானதும் விடைத்தாள் நகலுக்கும் மறுகூட்டலுக்கும் விண்ணப்பிக்கச் சில நாள்களே தரப்படும். அந்த நாள்கள் கடந்தபின் செய்தி அறிவது பயனற்றது.

கையில் உள்ள கருவிகள்

2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப் பணித்தது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாதல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு விகிதப்படி இடம் உண்டு. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி முப்பது நாள்களுக்குள் விடை தரவேண்டும். உயிரைப் பற்றிய செய்தியாயின் 48 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்பது பலர் அறியாத விதி. சாயும் சுவரின்கீழ்ப் பிள்ளைகள் அமர்ந்திருப்பது உயிரைப் பற்றிய செய்தியே என வாதிட நமக்கு இடமுண்டு.

சட்டம் இருக்கை அளித்துள்ளது. அதில் அமர்வது நம் பொறுப்பு. குழுக் கூட்டத்தை வேலைநாளின் நடுவே வைத்தால் கூலித் தாய்க்கு ஒருநாள் ஊதியம் போகும். எழுத்தில் மட்டும் அறிவிப்புத் தந்தால் எழுத்தறியாப் பாட்டிக்கு அது வெறுந்தாள். ஆகவே நேரத்தையும் மொழியையும் குடும்பத்திற்கேற்ப அமைக்குமாறு கேட்பது சலுகையன்று.

கருணாபுரத்தில் நம் பணி

இங்கே ஒரு வரலாற்று முரணைச் சுட்டுவது தகும். ஊருக்கு அரசின் செய்தியைச் சொல்லத் தண்டோரா அடிக்கும் வேலையைத் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள்மீதே சுமத்தினர். 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசு அவ்வழக்கத்தைக் கைவிடப் பணித்தது. எல்லார் வாயிலிலும் நின்று செய்தி சொன்ன மக்களுக்குத் தம் பிள்ளைகளின் பள்ளிச் செய்தி வந்து சேரவில்லை.

கருணாபுரத்திற்கு இப்பணி இன்னும் நெருக்கமானது. 2024 ஜூனில் நச்சுச் சாராயத்தால் இப்பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாய் என அரசு அறிவித்தது. அப்பிள்ளைகளைப் பற்றிப் பள்ளி யாரிடம் பேசும்? தாத்தாவிடமா, சித்தியிடமா, மூத்த அக்காளிடமா? சட்டம் காப்பாளரையும் பெற்றோருக்கு இணையாகவே வைத்துள்ளது. ஆதலின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பானவர் பெயர் பள்ளிப் பதிவேட்டில் திருத்தமாக உள்ளதா என்று பார்ப்பது நம் சங்கத்தின் முதற் கடமையாகும். கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியூருக்குப் பிழைக்கச் செல்லும் மலையாளிப் பழங்குடிப் பெற்றோரும் இந்நிலையினரே. பிள்ளை உறங்கும் கூடத்தை அவர்கள் விடுமுறைக்கு வரும்போதுதான் காண்கின்றனர்.

கேட்கவேண்டியவை மிகச் சிலவே. கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது, கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, சான்று எந்த நாள் வரை செல்லும் என்பவை பள்ளி வாயிலில் எழுதி வைக்கப்படவேண்டும். தேர்வு எந்நாள், எதற்காக, அதன் மதிப்பெண் எங்கே சேரும் என்பவை முன்கூட்டியே குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டப்படவேண்டும். பிள்ளை சொல்லும் குறையை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும், அதற்கு விடை எழுத ஒரு நாளும் குறிக்கப்படவேண்டும்.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அண்ணல் அம்பேத்கர், கல்வியை அரசு தரும் கொடையாகக் கருதியவர் அல்லர். உரிமையாகக் கொண்டோர் கணக்குக் கேட்பர். வரும் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் வெற்றியை, தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையோடு, கேள்வி கேட்கத் தெரிந்த தாய்மாரின் எண்ணிக்கையையும் கொண்டு அளப்போமாக.