பொங்கலுக்கு 24 நாள் முன்னாடியே திரும்பிடுற சூரியன்

2024 டிசம்பர் 1ஆம் தேதியை எங்க பக்கத்து ஆளுங்க யாரும் மறக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல 51 செ.மீ. மழை. திண்டிவனம் பக்கத்துல எங்க சம்பா நெல்லும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. தை பிறந்தா வழி பிறக்கும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அறுக்க ஒண்ணும் இல்லாத அந்த மார்கழியில, அப்பா செய்துக்கிட்டிருந்த ஒரு பழக்கத்தை நான் திரும்ப ஆரம்பிச்சேன். களத்துல ஆறடி கம்பை நேரா நட்டு உச்சி வெயில்ல நிழலை அளக்கிறது, அவ்வளவுதான்.

மார்கழி 6, அதாவது டிசம்பர் 21 அன்னிக்கு நிழல் நாலடி நாலு அங்குலம். வருஷத்துலயே நீளமான உச்சி நிழல் அது. பொங்கலன்னிக்கு அளந்தா நாலடிதான். அப்படின்னா சூரியன் வடக்கே திரும்பி 24 நாள் ஆயிடுச்சு.

தை 1தானே உத்தராயணம்னு நீங்க கேட்கலாம். ஒரு காலத்துல ரெண்டும் ஒரே நாள்ல வந்தது. ஏறக்குறைய 1500லேர்ந்து 1700 வருஷத்துக்கு முன்னாடி. நம்ம மாசக் கணக்கு நட்சத்திரங்களை வச்சுப் போட்டது. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெதுவா தலை சுத்துறதால, நட்சத்திர வருஷமும் பருவ வருஷமும் அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் விலகுது. விவேகானந்தர் பிறந்த 1863இல் மகர சங்கராந்தி ஜனவரி 12. இப்ப 14 இல்லேன்னா 15.

முன்னோருக்கு இது தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. பஞ்சாங்கத்துல வர்ற அயனாம்சம் என்பது இந்த விலகலுக்கான கணக்குதான். அந்தக் கணக்குப் போட்ட ஆளுங்க எப்படிப்பட்டவங்கன்னு பார்க்க, எங்க ஊர்லேர்ந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்துல இருக்கிற புதுச்சேரியே போதும்.

1769 ஜூன்ல வெள்ளி, சூரியனைக் கடக்கறதைப் பார்க்க லெ ஜென்ட்டீல்ங்கற பிரெஞ்சு வானியலாளர் அங்க காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் மறைச்சுடுச்சு. ஆனா அங்க ஒரு தமிழர்கிட்ட கிரகணக் கணக்கு கத்துக்கிட்டார். எழுத்தும் இல்ல, பலகையும் இல்ல. தரையில சோழிகளை வச்சு, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிக்கிட்டே போடுற கணக்கு. ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளயும் எண்கள் ஒளிஞ்சிருக்கும். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும்னு அந்த முறையில போட்டதுல பிழை 41 வினாடி. ஐரோப்பாவுல பேர் பெற்ற மேயர் அட்டவணையில பிழை 68 வினாடி. எல்லாத் தடவையும் இவ்வளவு துல்லியமா வரல. 1825இல் ஜான் வாரன் இன்னொருத்தர் சோழியில போட்டதைப் பார்த்து எழுதினார். அந்தக் கிரகணத்தோட முடிவு நேரம் முக்கால் மணிக்கு மேல தப்பியிருந்தது. அதையும் மறைக்காம சொல்லணும்.

சோழிக் கணக்கு எனக்கு வராது. அப்பாவுக்கும் வராது. கம்பு நிழல் மட்டும் அவருக்குத் தெரியும். அதையும் நான் முப்பது வருஷம் விட்டுட்டேன். தேதியைக் காலண்டர்ல கிழிச்சேன், மழையை டிவியில பார்த்தேன். கம்பு நட்டிருந்தா புயல் நின்னிருக்காது. ஆனா நஷ்டப்பட்ட அந்த மாசத்துல, எங்க வீட்ல எல்லாரும் தைக்குக் காத்திருந்தப்ப, வெயில் ஏற்கெனவே திரும்பி வந்துக்கிட்டிருந்ததை நான் கண்ணால பார்த்தேன். பொங்கல் முடிஞ்சதும் உளுந்து விதைக்க அந்தத் தெம்பு போதுமானதா இருந்தது.

சென்னையில இருக்கிறவங்களும் செய்யலாம். மொட்டை மாடியில ஒரு குச்சியை நேரா நிறுத்துங்க. மார்கழி 6லேர்ந்து வாரம் ஒரு தடவை, நிழல் ரொம்பக் குறுகும் நேரத்துல நுனியில சாக்பீஸால கோடு போடுங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, ஜனவரி பாதி தாண்டியும் காலையில விடியறது தாமதமாகிக்கிட்டேதான் இருக்கும். அதை வச்சு சூரியன் இன்னும் திரும்பலன்னு முடிவு பண்ணிடாதீங்க. உச்சி நிழலை மட்டும் நம்புங்க. பிள்ளைங்களைக் கோடு போடச் சொல்லுங்க, பொங்கலன்னிக்கு எத்தனை அங்குலம் குறைஞ்சிருக்குன்னு அவங்களே அளக்கட்டும்.