விருந்தும் மதுவும்

பெருநாள் விருந்துக்குச் செல்வோர் வெறுங்கையுடன் செல்வதில்லை. பழமோ பலகாரமோ வெற்றிலை பாக்கோ கொண்டு செல்வது தமிழர் வழக்கம். மேலை நாட்டாரோ அத்தகைய வேளைகளில் திராட்சை மதுக் குப்பியொன்றைத் தேர்ந்து எடுத்துச் செல்வர். எந்நிலத்து மது, எவ்வாண்டு மது, எவ்வுணவுக்கு எது பொருந்தும் என ஆராய்வது அவர்களிடையே ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. மலாக்கா மாநிலத்துப் பாயா ரும்புட் போன்ற ஊர்களிலும் தீபாவளி விருந்துக்குக் குப்பி ஏந்திச் செல்வோர் இன்று உளர். சிறியதாகத் தோன்றும் இச்செயலுக்குப் பின்னே ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அதனை ஊன்றி நோக்குவார்க்கு, 'எந்த மது?' என்னும் வினாவைவிடத் 'தேர்ந்தெடுத்தவர் யார்?' என்னும் வினாவே பெரிதெனப் புலனாகும்.

யவனர் கொணர்ந்த தேறல்

தமிழகத்து விருந்தில் அயல்நாட்டு மது இடம்பெற்றது அண்மைக்கால நிகழ்ச்சியன்று. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடல், யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலை அம்மன்னன் பொற்கலத்தில் பருகியதைக் குறிப்பிடுகின்றது. இது புலவரின் கற்பனை அன்று என்பதைப் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு மெய்ப்பித்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் பல கிடைத்தன. அவ்வகைச் சாடிகளில்தான் அந்நாட்டார் மதுவையும் ஒலிவ எண்ணெயையும் நிரப்பிக் கப்பலேற்றினர்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடற் பயணக் கையேடு' என்னும் கிரேக்க நூல் இன்னும் நுட்பமான செய்தியைத் தருகின்றது. பரூச் துறைமுகத்தில் இத்தாலிய மதுவை மக்கள் பெரிதும் விரும்பினர். லாவோதிக்கேயா மதுவும் அரேபிய மதுவும் அங்கு விற்பனையாயின. முசிறித் துறைக்கும் மது வந்தது. ஆயின் அதன் அளவு மிகுதியன்று என அந்நூல் கூறும். மதுவை ஊர்ப்பெயரால் தரம் பிரித்து வாங்கும் வழக்கம் இந்தியக் கரைகளில் அன்றே வேரூன்றியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஆனால், சங்கச் சான்றோர் மதுவின் சிறப்பை அதன் விலையில் காணவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில் ஓர் அரிய குறிப்பு உண்டு. கிடைத்த கள் சிறிதாயின் அவன் அதனைப் பாணர்க்கும் புலவர்க்கும் கொடுத்துவிடுவான். பெரிதாயின் அவர்கள் பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். விருந்தினரை முன்னிறுத்தும் இப்பண்பே அன்றைய அளவுகோல். அதே மண்ணில் பின்னர்த் தோன்றிய திருக்குறள், கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தது. கொடையாகிய கள்ளையும் கேடாகிய கள்ளையும் தமிழர் சிந்தனை ஒருங்கே எடைபோட்டது எனலாம்.

மலாக்காத் துறைமுகம்

மலாக்காவும் மதுவை அறியாத ஊரன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் செங் ஹோவின் கப்பற்படையுடன் வந்த மா ஹுவான், இங்குள்ள மக்கள் கடலோரச் சதுப்பில் வளரும் ஒருவகைத் தாவரத்தின் கனியிலிருந்து மது வடித்ததைப் பதிவு செய்துள்ளார். 1511இல் போர்த்துகீசியரும், 1641இல் டச்சுக்காரரும், 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழி ஆங்கிலேயரும் இந்நகரைத் தமதாக்கினர். ஆள்வோர் மாறினும் அவர்தம் மேசையில் திராட்சை மது மாறவில்லை. அது மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்தும் கெடாத பண்டம். ஆதலின் அது சேமிக்கப்பட்டது, தரம் பிரிக்கப்பட்டது, பரிசாகவும் வழங்கப்பட்டது.

தென்னங்கள்ளின் இயல்போ வேறு. பாளையைச் சீவிக் கலயத்தில் வடியும் சாறு முதலில் இனிப்பாக இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராக நிற்கும். தடவாவிடில் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகும். மறுநாள் அது புளித்துக் காடியாகத் தொடங்கும். இறக்கிய அன்றே குடித்தாக வேண்டிய பானத்தைச் சேமித்து வைக்கவோ, தேர்ந்தெடுத்துத் தொலைவிலுள்ள உறவினர்க்கு ஏந்திச் செல்லவோ இயலாது. அருகில் எவர் கடை வைத்திருக்கிறாரோ அவர் ஊற்றியதைக் குடிப்பதே வழி. தோட்டப்புறத் தமிழரின் வாழ்வில் இவ்வியல்பு பெருந்துயரை விளைத்தது.

தோட்டத்துக் கள்ளுக்கடை

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார்; பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். மலாயாவின் வணிக ரப்பர் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். பின்னர் நாடெங்கும் எழுந்த தோட்டங்களுக்குக் கங்காணிகளின்வழி தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். லயன் வீடு, கோயில், பள்ளி ஆகியவற்றோடு கள்ளுக்கடையும் தோட்டத்தின் ஓர் உறுப்பாயிற்று. பால்மரம் வெட்டிக் களைத்தவர் பிற்பகலில் அங்கு கூடினர். காலையில் தோட்டம் தந்த கூலியின் ஒரு பகுதி, மாலையில் அத்தோட்டத்து எல்லைக்குள்ளேயே செலவாயிற்று.

துரைமார் இதற்கு நியாயம் கூறாமல் இல்லை. கள் மலிவானது, சத்துள்ளது. அதனை மூடினால் தொழிலாளர் கள்ளத்தனமாகக் காய்ச்சிய சம்சுவை நாடுவர் என்பது அவர்கள் வாதம். சம்சு கொடியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாதம் ஒன்றை மறைத்தது. தொழிலாளிக்குப் பொழுதுபோக்க நூலகமும் மன்றமும் அரிதாக இருந்த இடத்தில், கள்ளுக்கடை மட்டும் எட்டும் தொலைவில் இருந்தது. தீபாவளி நாளில் அவன் குடித்தது அவன் தேர்ந்ததன்று. அவனுக்கெனப் பிறர் தேர்ந்து வைத்தது. அதன் சுமையைத் தாங்கியவர்கள் அடுப்படியில் காத்திருந்த மனைவியரும் மக்களும் ஆவர்.

மறுத்த கைகள்

இந்நிலையை உணர்த்தச் சீர்திருத்த இயக்கங்கள் முனைந்தன. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வருகை புரிந்தார், 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். தாயகத்தில் 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியதும் இங்குள்ளோர்க்கு ஊக்கமாயிற்று.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வும், பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், துரைமாரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவை நீக்குதலும் இடம்பெற்றன. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் ஒன்று. கூலியையும் கல்வியையும் மானத்தையும் கேட்ட அதே பட்டியலில் தொழிலாளர் இதனையும் வைத்தனர் என்பது எண்ணத்தக்கது. நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர்.

போருக்குப் பின்னர்க் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. கள்ளுக்கடை மறியலே அதன் முதற்பணி. 1947இல் பீடோங் வட்டாரத்தில் அப்படையினர்க்கும் காவல் துறையினர்க்கும் மோதல் மூண்டது. தலைவர் சிறைப்பட்டார், படை ஒடுக்கப்பட்டது. எனினும் தோட்டத் தமிழர் தமக்கு ஊற்றப்பட்டதை மறுக்கவும் வல்லவர் என்பதை அவர்கள் நாட்டுக்கு உணர்த்தினர்.

இன்றைய விருந்து

காலப்போக்கில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. அவற்றின் இடத்தை மலிவான சம்சுவும் கடைக் குப்பிகளும் பற்றிக்கொண்டதும் உண்மையே. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் மாண்ட செய்தி, தேர்வில் நேரும் பிழை உயிரையே பறிக்கும் என்பதைக் காட்டிற்று.

பாயா ரும்புட் என்னும் பெயர்க்குப் புற்சதுப்பு என்பது பொருள். அத்தகைய ஊரில் தீபாவளியன்று ஒரு தமிழர் இல்லத்தின் கதவு திறந்தால், மலாய் அண்டை வீட்டாரும் சீன நண்பரும் உள்ளே வருவர். ஒரே கூடத்தில் மது விலக்கியோரும் அருந்துவோரும் அமர்வர். அவ்வில்லத்துக்குச் செல்பவர் கையில் எடுத்துச் செல்ல வேண்டியது எது? இத்தாலிய மதுவா, பிரெஞ்சு மதுவா என்று ஆராய்வதற்குமுன், அங்கு அமர்ந்திருப்பவர் யார், அவ்வீட்டுப் பெண்டிர் முகம் மலருமா, பிள்ளைகள் எதனைக் கண்டு வளர்வர் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். விருந்தினரை முதலில் எண்ணிய அதியமானின் அளவுகோல் அது.

கிள்ளானில் உயிர் நீத்தோரும் பீடோங்கில் மறியல் செய்தோரும் வேண்டியது தேர்ந்தெடுக்கும் உரிமையையே. இன்று குப்பியை எடுக்கும் கைக்கும், அதனைத் தவிர்த்துப் பழத்தட்டை ஏந்தும் கைக்கும் அவ்வுரிமையை ஈட்டித் தந்தோர் அவர்களே. விருந்துக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் வாயிலைக் கடக்குமுன் அதனை ஒரு கணம் நினைத்தல் கடன்.