வேதுப் பானையும் பிரைட்டன் ஆவிக்குளியலும்

ஸ்டீம் பாத், சானா என்றாலே பின்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. எங்க கம்பம் பள்ளத்தாக்கில் சளி பிடித்தால் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு வேது பிடிப்போமே, அது என்னவாம்? உடனே "எல்லாம் நம்ம முன்னோர்கள் சொன்னதுதான்" என்று ஆரம்பித்துவிடுவேன் என பயப்படாதீர்கள் :-)

சானா என்பது உலர்ந்த சூடு, 80 முதல் 100 டிகிரி வரை போகும். வேது ஈர ஆவி. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. சானாவுக்கு நெருங்கிய சொந்தம் வேண்டுமென்றால் சரக சம்ஹிதையைப் பார்க்க வேண்டும். வியர்க்க வைக்கும் முறைகள் 13 அதில் உண்டு. ஜேந்தாகம் என்பது நடுவில் அடுப்பு வைத்த வட்டமான மண் அறை. பௌத்த விநய நூல்களிலும் பிக்குகளுக்கு ஜந்தாகரம் என்ற சூட்டு அறை அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் என்னைக் கவர்ந்தவர் ஒரு வியாபாரி. (காமர்ஸ் படிப்பவன் புத்தி!) 1759-ல் பாட்னாவில் பிறந்த தீன் முகமது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு திரிந்துவிட்டு 1784-ல் அயர்லாந்து போனார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் இவருடையதுதான், 1794-ல். 1810-ல் லண்டனில் இந்திய உணவு விடுதி திறந்தார். இரண்டே வருடத்தில் திவால்!

மனிதர் சும்மா இருக்கவில்லை. பிரைட்டன் கடற்கரை ஊருக்குப் போய் "இந்திய மூலிகை ஆவிக்குளியல்" என்று கடை விரித்தார். கம்பளித் துணிக் கூடாரத்துக்குள் மூலிகை ஆவி, உள்ளே நோயாளி. வெளியே நிற்பவர் துணியில் உள்ள திறப்பு வழியே கையை விட்டு உடம்பு பிடித்துவிடுவார். நம்ம போர்வையேதான், கொஞ்சம் துரைத்தனமாக! ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள். குணமானவர்கள் தந்த நற்சாட்சிகளைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். அவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைக் காட்சிக்கு வைத்தார். கடைசியில் நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என இரண்டு மன்னர்களுக்கும் சேவகம். இன்றைய விளம்பர ஏஜென்சிகள் இவரிடம் பாடம் படிக்கலாம். 1851-ல் இறந்தார்.

சரி, தோலுக்கு என்ன ஆகிறது? சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, வியர்க்கிறது. முகம் கொஞ்ச நேரம் பளபளக்கும். அவ்வளவுதான், நிறம் மாறாது. "உடம்பு நச்செல்லாம் வெளியேறும்" என்பதும் விளம்பரப் பேச்சே. வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை அகற்றுவது கல்லீரல், சிறுநீரகத்தின் வேலை. அதற்குப் பார்லரில் பணம் கட்டுவது வீண் என்பேன்.

நல்ல சேதியும் உண்டு. கிழக்கு பின்லாந்தில் 2,315 நடுத்தர வயது ஆண்களைச் சுமார் 20 வருடம் கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. வாரம் 4 முதல் 7 முறை சானா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவு. ஆரோக்கியமானவர்கள்தான் அடிக்கடி போயிருப்பார்களோ என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. அளவு மீறினால்? 2010-ல் அதே நாட்டில், ஹெய்னோலாவில் 110 டிகிரியில் யார் அதிக நேரம் தாங்குவார் என்று நடந்த போட்டியில் ஒருவர் இறந்தேபோனார். போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

நம்மிடமும் கூத்து நடந்தது. 2021 கொரோனா அலையில் பொது இடங்களில் ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். தொற்றுதான் பரவும், வேண்டாம் என்று தமிழக சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டிலும் பானை கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதுதான் வேதில் பெரிய ஆபத்து.

பின்லாந்துக்காரர்கள் சானா முடித்துப் பனி ஏரியில் குதிப்பார்களாம். எங்களுக்குச் சுருளி அருவி இருக்கிறது. அதற்கு முன்னால் சூட்டறை எதற்கு, சித்திரை மாத மத்தியானத்தில் கம்பம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலே போதும்!