மாத்தளை வண்டியும் அதன் வரியும்

1848 ஜூலை 1ஆம் திகதி இலங்கையில் துப்பாக்கி, நாய், வண்டி, கடை ஆகியவற்றுக்கு அனுமதிக் கட்டணம் வந்தது. கோப்பி விலை வீழ்ந்து அரசின் வருமானம் சரிந்திருந்த நேரம் அது. ஆளுநர் டொரிங்டன் பிரபு அந்தச் சுமையைக் குடியானவன் தலையில் இறக்கினார். கூடவே வீதிச் சட்டமும் வந்தது. வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாதவர் மூன்று சிலிங் கட்ட வேண்டும். வீதி போடவும் காசு, அந்த வீதியில் வண்டி ஓட்டவும் காசு என்றானது.

அடுத்து நடந்தது மாத்தளை மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஜூலை 26ஆம் திகதி வரியை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் தம்புள்ளை விகாரையில் தங்கள் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டினார்கள். 28ஆம் திகதி மாத்தளைக்கு வந்த கூட்டம் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தது. மறுநாளே இராணுவச் சட்டம். ஆகஸ்ட் 8ஆம் திகதி கிளர்ச்சியின் இன்னொரு தலைவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா எல்கடுவையில் பிடிபட்டு மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். டொரிங்டனும் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் நாய் வரியைத்தான் விரும்பிச் சொல்வார்கள், அதில் அவமானம் கண்ணுக்குத் தெரிகிறது. பட்டியலில் இருந்த வண்டியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் அந்த வண்டி வரிக்கு ஆயுள் நீண்டது.

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதுவரை மலையில் விளைந்த கோப்பி இறங்கியதும், தோட்டத்துக்கு அரிசி ஏறியதும் மாட்டு வண்டியில். வண்டி போகாத பாதைகளில் தவளம் போனது. பொதிமாடுகள் வரிசையாக உப்பும் கருவாடும் சுமந்து கண்டி நாட்டுக்குள் வரும். ரயில் வந்த பிறகும் ஸ்டேஷனுக்கும் வயலுக்கும் இடையே இருந்த தூரம் மாட்டின் கழுத்திலேயே கிடந்தது. இறத்தோட்டையிலிருந்து மிளகு மூட்டை ரயிலைத் தேடிப் பறந்து வராது.

1916ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க வாகனக் கட்டளைச் சட்டம், பிறகு உள்ளூராட்சிச் சட்டங்கள் என்று வண்டி எழுத்தில் தொடர்ந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் அட்டவணையில்கூட அது இருக்கிறது. மாட்டு வண்டிக்கு 20 ரூபா, கைவண்டிக்கு 10, குதிரைக்கு 15, யானைக்கு 50. சைக்கிளுக்கு மட்டும் இரண்டு விலை: வியாபாரத்துக்கு ஓடினால் 18 ரூபா, மற்றதற்கு 4. ஒரே சைக்கிள்தான், பின்னால் கட்டியிருப்பது மீன் பெட்டியா பள்ளிக்கூடப் பையா என்பதில் கட்டணம் மாறுகிறது. விவசாய வாகனத்துக்குச் சலுகைக் கட்டணம் என்ற எண்ணமே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது: எதற்காக ஓடுகிறது?

மோட்டார் வாகனத்துக்கு அந்தக் கேள்வியைப் பிரித்தானியா 1920ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்திலேயே கேட்டுவிட்டது. உழவு எந்திரத்துக்கும் டிரெக்டருக்கும் ஆண்டுக்கு ஐந்து சிலிங் போதும். ஆனால் பொது வீதியில் அது தன் கருவிகள், சூடடிக்கும் எந்திரம், எரிபொருள், தண்ணீர் போன்றவற்றைத் தவிர வேறு எதையும் இழுக்கக் கூடாது. வீதியைத் தேய்க்காதவன் வீதிக்குக் காசு தர வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். வீட்டு வாசலிலேயே வயலும், சந்தைக்குப் போக வேறொரு லொறியும் உள்ள பண்ணைக்காரனுக்கு அது பொருந்தும்.

மாத்தளை விவசாயிக்குப் பொருந்துமா? அதற்கு லேண்ட் மாஸ்டரைப் பார்க்க வேண்டும்.

இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் உருவாக்கிய இரு சில்லு உழவு இயந்திரம் இங்கிலாந்தில் லேண்ட்மாஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னால் ஜப்பானிய, சீன இயந்திரங்கள் வந்து வயல்களை நிறைத்தபோதும் இலங்கையில் எல்லாமே லேண்ட் மாஸ்டர்தான். விஜேவர்தன பிற்காலத்தில் இதைப் பற்றி மனம் திறந்து பேசினார். தாம் இயந்திரமாக்கியது எருமையை மட்டுமே என்றார், டீசல் குடிக்காத பயிர்ச்செய்கை முறைகளின் பக்கம் திரும்பினார். அவருடைய வருத்தத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எருமையால் முடியாத ஒன்றை இந்த இயந்திரம் செய்தது. அது தம்புள்ளைக்குப் போய் வந்தது.

வில்கமுவையிலோ நாவுலவிலோ நடு வேலையில் அதைப் பார்த்தால் இது விளங்கும். சேற்றில் இறங்கும்போது இரண்டு பக்கமும் இரும்புச் சில்லு. உழவு முடிந்ததும் அதைக் கழற்றி ரப்பர் டயர் பூட்டுவார்கள், இரும்போடு தார் வீதியில் ஏறினால் வீதி கிழியும். கலப்பையைக் கழற்றிய இடத்தில் இழுவைப் பெட்டி கொழுவப்படும். ஓட்டுபவர் அதன் முன்னால் அமர்ந்து நீண்ட கைப்பிடிகளைப் பிடித்துக்கொள்வார். ஸ்பேனரோடு சற்று நேரம் குனிந்திருந்தால் போதும், உழவு இயந்திரம் சரக்கு வாகனமாகிவிடும். யாலப் போகத்தில் பெரிய வெங்காயம் கிண்டிய கையோடு மூட்டைகள் அந்தப் பெட்டியில் ஏறும். 1999இல் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பிறகு இந்த ஓட்டம் இன்னும் கூடியது. அதே பெட்டியில் உரம் வரும், செங்கல் வரும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவார், பெரஹராவுக்குக் குடும்பமே போகும். இதில் எந்தப் பயணம் விவசாயம், எந்தப் பயணம் இல்லை என்று வீதியில் நின்று பிரிப்பது யாருக்கும் எளிதல்ல.

1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இன்று திருத்தங்களோடு வைத்திருக்கும் வரைவிலக்கணம், விவசாயத்துக்கோ நிர்மாண வேலைக்கோ நிலத்தில் பயன்படும் வாகனங்களைத் தனியாகச் சொல்கிறது. நிலத்தை மட்டமாக்கல், தூர்வாரல், மண் அகற்றல், வனத்தொழில் எல்லாம் அதற்குள் வருகின்றன. ஆக, அரை ஏக்கர் வெங்காயக்காரரின் இயந்திரமும் ஒப்பந்தக்காரரின் புல்டோசரும் ஒரே வாசகத்தில் நிற்கின்றன. சாரதி அனுமதிப் பத்திரத்தில் மட்டும் கை உழவு இயந்திரத்துக்கு ஜி1 என்று தனி வகுப்பு உண்டு, பெட்டியோடு ஓட்டுவதும் அதில் அடக்கம். பத்திரம் எழுதியவருக்கு வயலும் வீதியும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் வாகனங்களின் ஆண்டு வருமான அனுமதிப் பத்திரக் கட்டணம் மாகாணங்களின் கையில் வந்தது. கலேவெலவுக்கு மேற்கே போனால் வடமேல் மாகாணம், தம்புள்ளைக்கு வடக்கே வட மத்திய மாகாணம். வெங்காயத்துக்கு மாகாணம் இல்லை, அதை இழுத்து வரும் வாகனத்துக்கு உண்டு.

மலைப் பக்கத்தில் இன்னொரு முகம். எல்கடுவைத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தை மலையிலிருந்து தொழிற்சாலைக்கு இழுக்கும் டிரெக்டரும் இருக்கிறது. பறித்த கொழுந்து அன்றே வாட்டலுக்குப் போக வேண்டும், இடையில் பொது வீதியைத் தாண்டத்தான் வேண்டும். கம்பனியிடம் கணக்காளர் இருக்கிறார், எந்தப் படிவத்தையும் நிரப்புவார். குத்தகை வயலில் பாடுபடுபவரிடம் காணி உறுதியும் இல்லை, கணக்காளரும் இல்லை. சலுகைக்கு யார் தகுதி என்பதைச் சுமையைப் பார்த்து முடிவு செய்தால் முதலில் தட்டிவிடப்படுபவர் அவர்தான்.

சுமையைவிட ஆளைப் பார்ப்பது நியாயமாகப் படுகிறது. அதற்கான ஏடும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விவசாய நிலங்களுக்கு ஒரு பதிவேட்டை வைக்கச் சொல்கிறது, உரத்துக்கும் விதைக்கும் விவசாயி அலையும் கமநல சேவை நிலையங்களும் ஊருக்கு ஊர் உள்ளன. குத்தகைக்குப் பயிரிடுபவரின் பெயரும் விடுபடாமல் அதில் ஏறி, அந்தப் பெயரை வைத்தே லேண்ட் மாஸ்டருக்கும் பெட்டிக்கும் கட்டணம் குறைந்தால், வெங்காய மூட்டைகளோடு தம்புள்ளை வீதியில் மறிக்கப்படும் விவசாயி பெட்டியில் இருப்பதற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிராது.