அளந்த ஆண்டுகளும் அளக்காத ஆண்டுகளும்: மெக்சிகோ வளைகுடாவின் ‘இறந்த மண்டலம்’

சுற்றுச்சூழல் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் காரணம், விளைவு, தீர்வு என்று மூன்று பத்தியில் முடித்துவிடுகிறார்கள். ‘இது நமக்கு எப்படித் தெரிய வந்தது? தெரிந்துகொள்ள யார் பணம் கொடுத்தது?’ என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. அந்தக் கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் லூயிசியானா கடற்கரை.

முதலில் அறிவியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மிசிசிப்பி ஆற்றில் 31 மாநிலங்களின் நீர் சேர்கிறது. அயோவா, இலினாய் சோள வயல்களில் போட்ட உரமும் அதோடு கடலுக்கு வருகிறது. உரம் கிடைத்தால் பாசி சும்மா இருக்குமா? பெருகும், மடியும், அடியில் போய் அழுகும். அழுகும்போது அடிநீரில் உள்ள உயிர்வளி தீர்ந்துபோகும். கோடையில் ஆற்றின் நன்னீர் மேலே மூடிபோல் படிந்திருப்பதால் புதுக் காற்றும் கீழே இறங்காது. ஒரு லிட்டர் நீரில் உயிர்வளி 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைக் ‘குறை உயிர்வளிப் பகுதி’ என்பார்கள். மீன் நீந்தித் தப்பிக்கும்; நகர முடியாத உயிரினங்கள் செத்துப்போகும்.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். கரையில் நின்று பார்த்தால் இது எதுவும் தெரியாது. மேலே நீலக் கடல்தான். கப்பலில் போய், இடத்துக்கு இடம் கருவியை அடிவரை இறக்கித்தான் அளக்க வேண்டும். 1985-இலிருந்து நான்சி ரபலே என்ற கடல் அறிவியலாளரின் குழு கோடைதோறும் இதைச் செய்து வந்தது. முக்கியமான பணம் நோவா எனப்படும் கூட்டரசின் கடல், வளிமண்டல நிறுவனத்திடமிருந்து வந்தது. ஏன் கூட்டரசு? உரம் போடுபவர் வடக்கே, இறால் பிடிப்பவர் தெற்கே. அயோவா வரிப்பணத்தில் லூயிசியானா கடலை அளப்பார்களா என்ன!

தொடர்ந்து அளந்ததன் பலனைப் பாருங்க. 1988-இல் கடும் வறட்சி. மண்டலம் ஏறக்குறைய 40 சதுர கிலோமீட்டர்தான். 1993-இல் மிசிசிப்பியில் பெருவெள்ளம். பரப்பு 17,000-ஐத் தாண்டியது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் அளந்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் கிடைக்கும். 2020-இலும் எண் சிறிதாகத்தான் வந்தது. உரம் குறைந்ததால் அல்ல. அளக்கப் போவதற்குச் சற்று முன் ஹன்னா என்ற புயல் கடலைக் கலக்கிவிட்டது. கடலடிச் சேற்றைத் தோண்டி எடுத்தும் ஆராய்ந்தார்கள். 1950-களுக்குப் பிறகு நிலைமை மோசமானதை அந்தச் சேறு காட்டியது. ஆனால் எந்த ஆண்டு எத்தனை சதுர கிலோமீட்டர் என்று சேறு சொல்லாது.

1998-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பாசிப் பெருக்கத்தையும் குறை உயிர்வளியையும் ஆராயத் தனிச் சட்டமே இயற்றியது. 2001-இல் ஓர் இலக்கும் வைத்தார்கள்: 2015-க்குள் ஐந்தாண்டுச் சராசரி 5,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே வர வேண்டும். வரவில்லை. கெடுவை 2035-க்குத் தள்ளிவிட்டார்கள். இலக்கைத் தள்ளிப்போட்டதைப் பலர் குறை சொல்கிறார்கள், நியாயம்தான். ஆனால் தோற்றோம் என்று தெரிந்ததே அளந்ததால்தானே?

2016-இல்தான் சிக்கல் வந்தது. அந்தக் கோடைப் பயணத்துக்கு ஒதுக்கிய நோவா கப்பல் பழுதாகிவிட்டது. பயணம் ரத்தானது, மாற்றுக் கப்பலிலும் முழு அளவெடுப்பு நடக்கவில்லை. மறு ஆண்டு, 2017-இல், மண்டலம் 22,720 சதுர கிலோமீட்டர்! அதுவரை அளந்ததிலேயே அதுதான் பெரியது, சிங்கப்பூரைப் போல் முப்பது மடங்கு. அதற்கு முந்திய ஆண்டு எப்படி இருந்தது? இனி எவ்வளவு பணம் கொட்டினாலும் அளந்து சொல்ல முடியாது. 2016 அடங்கிய ஐந்தாண்டுச் சராசரி எதை எடுத்தாலும் நான்கு எண்கள்தான் இருக்கும். அரசின் இலக்கே அந்தச் சராசரியை நம்பித்தான் நிற்கிறது என்பதைக் கட்டுரையில் மறக்காமல் எழுதுங்கள்.

இந்தத் தரவை வைத்து மாணவர்கள் பட்டை வரைபடம் வரைந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். 1989-க்கும் முழு அளவு கிடையாது. அந்த ஆண்டுக்கும் 2016-க்கும் சுழியம் போட்டுவிடக்கூடாது. ‘தரவு இல்லை’ என்று எழுதி, இடத்தை வெறுமையாக விட வேண்டும்.