கராத்தே உடையின் கதை

கராத்தே என்றதும் வெள்ளை உடைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது ஜூடோவிடம் வாங்கிய கடன்! ஒகினாவாவில் அந்தக் காலத்தில் அன்றாட உடையிலோ கோவணத்திலோதான் பழகினார்கள். 1922-ல் கிச்சின் ஃபுனகோஷி டோக்கியோ வந்து, ஜூடோவின் தலைமையகமான கொடோகானில் கராத்தே செய்து காட்டிய பிறகே இந்த உடை ஒட்டிக்கொண்டது.

ஜூடோ உடை தடிமனாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜிகோரோ கானோ 1882-ல் கொடோகானைத் தொடங்கியபோது ஜப்பானியர் பெரும்பாலும் கிமோனோதான் அணிந்தார்கள். சண்டை என்றால் எதிராளி பிடிப்பது அதன் கழுத்துப் பட்டியையும் கையையும். தினமும் இழுத்தாலும் கிழியாத துணி தேவைப்பட்டது. (முதலில் குட்டையாக இருந்த சட்டைக் கைகள் 1907 வாக்கில்தான் நீண்டன.) அதாவது, அன்றைக்கு அது தெரு உடையின் நகல்!

இன்று நம் சட்டையை ஒருவன் பிடித்து இழுத்தால் பட்டன் தெறிக்கும், பிடி நழுவும். தற்காப்புக்காகப் பழகுபவர்கள் சில நாளாவது ஜீன்ஸும் ஷூவும் போட்டு உதைத்துப் பாருங்கள். கால் எவ்வளவு உயரம் போகிறது? :-)