பல்கலைக்கழகம் புகுந்த கூத்து

கூத்தாடி என்னுஞ் சொல் ஈழத்துத் தமிழரிடையே நெடுங்காலம் இகழ்ச்சிச் சொல்லாக வழங்கிற்று. இரவு முழுவதும் ஆடியும் பாடியும் ஊரை மகிழ்வித்தவன், பொழுது விடிந்ததும் அச்சொல்லாலேயே சுட்டப்பட்டான். கற்றோர் நாடகம் எனப் போற்றியது ஆங்கில மேடையைத் தழுவியது. கூத்தோ கல்லாதாரின் பொழுதுபோக்கு எனத் தள்ளப்பட்டது. இத்தகைய கூத்து பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்தது எவ்வாறு? கல்வி எவரை ஆசிரியராக ஏற்கும் என்னும் வினாவுக்கு அவ்வரலாறு ஒரு விடை தருகின்றது.

முதலில் வாயிலைக் கடந்தது பேச்சுமொழி. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சாதாரண மக்களின் பேச்சிலேயே நாடகங்களை எழுதினார். 1940 இல் வெளிவந்த 'நானாடகம்' என்னுந் தொகுதியில் 'உடையார் மிடுக்கு' முதலியன இடம்பெற்றன. வீட்டிலும் வயலிலும் வழங்கும் தமிழ் மேடைக்கு உரியது என்பதை அவை நிலைநாட்டின. அவருடைய மாணவருள் ஒருவரே சு. வித்தியானந்தன் ஆவார்.

1956 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பில் 'மனமே' என்னுஞ் சிங்கள நாடகம் அரங்கேறிற்று. பேராதனையில் ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திர, 'நாடகம' என்னும் கிராமியக் கூத்து வடிவத்தைக் கற்று அதனை ஆக்கினார். அவருக்குத் துணைநின்றவர் சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் கிராமத்து நாடகம ஆசிரியர். தமிழ்க் கூத்தினின்றும் கிளைத்ததே நாடகம என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கிளை இவ்வாறு தளிர்க்க, வேரைத் தமிழ்க் கற்றோர் மறந்திருத்தல் தகுமோ என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

அக்கேள்விக்குச் செயலால் விடையளித்தவர் வித்தியானந்தன். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளின் கூத்துக்களைத் தேடினார். ஏட்டில் மறைந்து கிடந்த கூத்து நூல்களைப் பதிப்பித்தார். 'அலங்காரரூபன் நாடகம்' 1962 இலும் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964 இலும் வெளிவந்தன. பின்னையது மன்னார்க் கத்தோலிக்க மக்களின் கூத்தாகும்.

ஆயின் நூலைப் பதிப்பித்தல் எளிது. அதனை ஆடுவித்தல் அரிது. கூத்தின் முழு அறிவும் அண்ணாவியாரின் நெஞ்சிலும் கையிலும் காலிலுமே தங்கியிருந்தது. மட்டக்களப்பில் அவர் நடத்தும் பயிற்சி, ஒழுங்கமைந்த ஒரு கல்வியே. நடிப்போருக்குரிய பாடல்களை வழங்குஞ் சட்டங்கொடுத்தலில் அது தொடங்கும். தாளக்கட்டுக்கும் ஆட்டத்துக்கும் பல திங்கள் பழகியபின் சதங்கை அணிவர். அடுக்குப் பார்த்தலில் குற்றங் குறை களைந்து, ஈற்றில் அரங்கேற்றுவர். மத்தளத்தின் ஓசையே அங்குப் பாடநூல்.

1962 இல் வடமோடிக் கூத்தான 'கர்ணன் போர்' பேராதனையில் உருப்பெற்றபோது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். பட்டம் பெறாத ஒருவர் பட்டதாரிகளாகப் போவோருக்குக் குருவானார். மட்டக்களப்பிலிருந்து வந்து பயின்ற சி. மௌனகுரு போன்ற மாணவருக்கோ, தம் ஊரின் கலை கல்வியாக மதிக்கப்பட்ட முதற்காலம் அது. 1963 இல் 'நொண்டி நாடகம்', 1964 இல் 'இராவணேசன்', 1967 இல் 'வாலிவதை' என்பன தொடர்ந்தன.

இம்முயற்சிக்கு ஒரு விலையும் இருந்தது. விடியும்வரை நிகழ்ந்த கூத்து சிறு பொழுதுக்குள் சுருங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி மறைந்து, ஒரு புறம் நோக்கும் மேடை வந்தது. களரியை விட்ட கூத்து தன் சமூகத்தையும் விட்டது எனப் பிற்காலத்தார் குறை கூறினர். அக்குறையில் உண்மை உண்டு. எனினும் அண்ணாவியாருக்குக் கிடைத்த மதிப்பை அது அழித்துவிடாது.

கூத்துக்குள்ளும் வேலிகள் இருந்தன. பெண் வேடத்தை ஆண்களே புனைந்தனர். சாதிக்கேற்பக் களரிகளும் பிரிந்திருந்தன; பறைமேளக் கூத்து ஆடியவர் ஊரின் ஒதுக்கிலேயே வாழ்ந்தனர். கலை உள்ளே அழைக்கப்பட்டது. அதனைக் காத்தவருட் பலர் வெளியிலேயே நின்றனர். இம்முரணை அக்காலத்து இளைஞர் உணர்ந்தனர். மாவிட்டபுரத்தில் 1968 இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அதனையடுத்து மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடி ஆட்டத்தாலேயே ஒடுக்குமுறையைச் சாடிற்று. அம்பலத்தாடிகளின் 'கந்தன் கருணை' ஆலயக் கதவடைப்பையே பொருளாக்கிற்று. பழைய ஆட்டம் புதிய நீதி கேட்டது.

1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். மட்டக்களப்பில் இன்று சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவியரும் கூத்துப் பயில்கின்றனர். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் சீலாமுனையில், கூத்தின் சாதி, பால் வேறுபாடுகளை ஊரவரோடு இருந்தே பேசி மீளுருவாக்கும் முயற்சியும் நடந்தது. பல்கலைக்கழகம் கிராமத்தை அழைத்த காலம் போய், கிராமத்தின் களரிக்கே பல்கலைக்கழகம் செல்லும் வழி இதனால் திறந்தது. அவ்வழியில் முதலடி வைத்த பெருமை, தம் காலின் கல்வியைப் பேராதனை மாணவருக்குக் கையளித்த அந்த அண்ணாவியாருக்கும் உரியது.